டெர்பியம் பெப்டைடும் ருத்தேனியம் பெப்டைடும்: உப்புத்தண்ணி ஊரில் ஒளிரும் உணரி செய்வதற்கான குறிப்புகள்

கோயமுத்தூர், ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் வேதியியல் முடித்துவிட்டு உலோக–பெப்டைட் உணரிகளில் (அமினோ அமிலச் சிறு சங்கிலியான பெப்டைடில் உலோகத்தைப் பொருத்தி, ஒளியால் அளவு காட்டச் செய்யும் மூலக்கூறுகள்) இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த உலோகம் நன்றாக ஒளிரும் என்றுதான். எந்த உலோகம் எவ்வளவு நேரம் ஒளிரும் என்று கேட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஃப்ளூரசீன் போன்ற கரிமச் சாயம் ஒளியை வாங்கி சுமார் 4 நானோ வினாடியில் கொடுத்துவிடுகிறது. செல்லுக்குள் இயற்கையாக இருக்கும் ஃபிளேவின்களும் நானோ வினாடிக் கணக்கில்தான் ஒளிர்கின்றன. அதனால் இரண்டையும் பிரிப்பது கடினம். ருத்தேனியம் ட்ரிஸ்-பைபிரிடின் சேர்மம் நூற்றுக்கணக்கான நானோ வினாடி ஒளிரும். டெர்பியத்துக்கும் யூரோப்பியத்துக்கும் கணக்கு மில்லி வினாடியில். பின்னணி வெளிச்சமெல்லாம் அடங்கிய பிறகு கருவியின் கண்ணைத் திறந்தால், மிஞ்சியிருப்பது உலோகத்தின் ஒளி மட்டுமே.

இன்னொரு காரணமும் உண்டு. ஒளியின் அளவு, உணரி எவ்வளவு உள்ளே போனது, விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது, க்யூவெட்டில் (மாதிரி ஊற்றும் சிறு பெட்டி) கீறல் இருக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். ஒளி அடங்க எடுக்கும் நேரம், அதாவது ஒளிர்வு ஆயுள், இவை எதையும் பொருட்படுத்தாது. அதனால் இந்த வேலையின் சாரம் இரண்டே காரியம்: அந்த ஆயுளைத் தேவையில்லாதவை கெடுக்காமல் காப்பது, நாம் அளக்க நினைக்கும் ஒன்று மட்டும் அதை மாற்றும்படி மூலக்கூறை அமைப்பது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்ததுதான்.

பெப்டைட் எதற்கு? இரண்டு விதத்தில் உதவும். ஒன்று, முகவரி. தனி ருத்தேனியம் சேர்மம் உயிருள்ள செல்லுக்குள் எளிதில் நுழையாது. எட்டு ஆர்ஜினின் கொண்ட வாலை ஒட்டினால் நுழையும். டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியா கீஸ் குழுவினர் 2008-இல் இதை வெளியிட்டார்கள். இன்னொன்று, பெப்டைடே உலோகத்தைப் பிடித்து வைக்கும் கூடாக இருப்பது. எம்.ஐ.டி.யில் பார்பரா இம்பீரியாலி குழு உருவாக்கிய, லாந்தனைடு (டெர்பியம், யூரோப்பியம் அடங்கிய உலோகக் குடும்பம்) பிடிக்கும் பெப்டைட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கால்சியம் பிடிக்கும் புரதங்களில் இருக்கும் வளையத்தை அடிப்படையாக வைத்துத் திருத்திச் செய்தது அது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் டெர்பியத்தில் இருந்தே தொடங்குங்கள். விலையுயர்ந்த ருத்தேனியம் வேண்டாம், நைட்ரஜன் சூழல் வேண்டாம், மில்லி வினாடி அளக்க லேசரும் வேண்டாம். செனான் ஃப்ளாஷ் விளக்கு உள்ள சாதாரண ஸ்பெக்ட்ரோஃப்ளூரிமீட்டரில் பாஸ்பரசன்ஸ் பயன்முறை இருந்தால் போதும்.

பெப்டைட் கட்டுவது

வரிசை 17 அமினோ அமிலம்: டைரோசின், ஐசோலூசின், அஸ்பார்டிக் அமிலம், த்ரியோனின், அஸ்பராஜின், அஸ்பராஜின், அஸ்பார்டிக் அமிலம், கிளைசின், டிரிப்டோஃபேன், டைரோசின், குளுட்டாமிக் அமிலம், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், லூசின், லூசின், அலனின். டெர்பியம் தானாக ஒளியை உறிஞ்சுவது மிகமிகக் குறைவு. நடுவில் இருக்கும் டிரிப்டோஃபேன்தான் 280 நானோமீட்டர் ஒளியை வாங்கிப் பக்கத்தில் இருக்கும் டெர்பியத்துக்குக் கொடுக்கிறது. அதனால் 'சிவப்பு ஒளி வேண்டும்' என்று இதே பெப்டைடில் யூரோப்பியத்தைப் போட்டால் ஏமாற்றம்தான். யூரோப்பியம் எளிதில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும், டிரிப்டோஃபேன் எளிதில் கொடுத்துவிடும், ஆற்றல் ஒளியாக வராமல் அங்கேயே தொலைந்துவிடும்.

அளவு 0.05 மில்லிமோல் வைத்துக்கொள்ளுங்கள். ரிங்க் அமைடு ரெசின் (பெப்டைட் ஒட்டி வளரும் மணிகள்), ஒரு கிராமுக்கு 0.35 மில்லிமோல் ஏற்றம் உள்ளது என்றால் 143 மில்லிகிராம். ஏற்றம் இதைவிட அதிகமான ரெசினில் 17 நீளப் பெப்டைடின் பிற்பகுதி தடுமாறும். ஒவ்வொரு கப்ளிங்குக்கும் (அடுத்த அமினோ அமிலத்தை ஒட்டும் படி) எஃப்மாக் (அமீனை மூடும் தற்காலிகக் காப்பு) அமினோ அமிலம் 0.25 மில்லிமோல் (லூசின் என்றால் 88 மில்லிகிராம், பாக் காப்புள்ள டிரிப்டோஃபேன் என்றால் 132 மில்லிகிராம்), ஒட்டவைக்கும் எச்.பி.டி.யு. 93 மில்லிகிராம், காரமான டி.ஐ.பி.இ.ஏ. 87 மைக்ரோலிட்டர், கரைப்பானான டி.எம்.எஃப். 2 மில்லிலிட்டர், 45 நிமிடம். எச்.பி.டி.யு. அமினோ அமிலத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்க வேண்டும், மிஞ்சினால் அது வளரும் சங்கிலியின் அமீன் முனையில் ஏறி அடைத்துவிடும். எஃப்மாக் நீக்க டி.எம்.எஃப்.-இல் 20 சதவீதம் பைப்பரிடின், 5 நிமிடம் ஒரு தடவை, 10 நிமிடம் ஒரு தடவை.

இந்த வரிசையில் பொறி எட்டாவது இடத்தில் இருக்கிறது. அஸ்பார்டிக் அமிலத்துக்கு அடுத்துக் கிளைசின் வந்தால், பைப்பரிடின் படப்பட அஸ்பார்டிக் அமிலத்தின் பக்கச் சங்கிலி முதுகெலும்போடு வளைந்து ஒட்டி அஸ்பார்டிமைடு ஆகிவிடும். நாம் பின்னாலிருந்து முன்னால் கட்டுகிறோம். ஆகவே ஏழாம் இட அஸ்பார்டிக் அமிலம் சேர்ந்த பிறகும் ஆறு அமினோ அமிலம் பாக்கி, ஒவ்வொன்றுக்கும் பைப்பரிடின் குளியல் உண்டு. மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் (மூலக்கூறின் நிறை காட்டும் வரைபடம்) 18 குறைவாக ஒரு உச்சியும், பைப்பரிடின் அதில் ஏறிக்கொண்டு 67 கூடுதலாக இன்னொரு உச்சியும் தெரிந்தால் இதுதான் காரணம். பைப்பரிடின் கரைசலில் 0.1 மோலார் எச்.ஓ.பி.டி. சேர்ப்பது குறைக்கும். முதுகெலும்பில் டைமெத்தாக்ஸிபென்சைல் காப்பு போட்ட கிளைசின் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. மற்ற கப்ளிங்குகளை நின்ஹைட்ரின் சோதனையில் (ஒட்டாத அமீன் மிஞ்சினால் நீலமாகும்) பார்த்துக்கொள்ளலாம். அஸ்பராஜினும் அஸ்பார்டிக் அமிலமும் நீலத்துக்குப் பதில் செம்பழுப்பு காட்டும், அதைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கடைசியில் அமீன் முனையை அசெட்டிக் அன்ஹைட்ரைடால் மூடுங்கள்.

கத்திரி வெயிலில் இந்த வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. டி.எம்.எஃப். சூட்டில் மெதுவாகச் சிதைந்து டைமெத்தில் அமீன் விடும், அது கப்ளிங் நடக்கும்போதே எஃப்மாக்கைக் கழற்றி ஒரே அமினோ அமிலத்தை இரண்டு தடவை ஏற்றிவிடும். மீன் வாடை வந்தால் அந்தப் புட்டி துடைக்க மட்டும். வாடை வராத நிலையிலும், பயன்படுத்தும் முன் அரை மணி நேரம் நைட்ரஜன் குமிழி விட்டு மூலக்கூறுச் சல்லடை போட்டு வையுங்கள். இரண்டாவது, ஈதர். டைஎத்தில் ஈதர் கொதிப்பது 34.6 டிகிரியில். மே மாதத்தில் குளிரூட்டி இல்லாத அறையில் புட்டியைத் திறந்தாலே கொதிக்கும், பெப்டைட் வீழ்படிவும் சரியாக இறங்காது, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அதற்குப் பதில் மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர், கொதிநிலை 55 டிகிரி. முந்தின இரவே உறைகுளிரில் வைத்து எடுத்துப் பயன்படுத்துங்கள். நம்மூருக்கு இதுவே எங்கள் பரிந்துரை.

ரெசினில் இருந்து கழற்ற ட்ரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலம் 95, ட்ரைஐசோப்ரோபைல் சிலேன் 2.5, தண்ணீர் 2.5 என்ற விகிதத்தில் 3 மில்லிலிட்டர், இரண்டரை மணி நேரம், புகைக்கூண்டுக்குள். கழற்றிய உடனே மாஸ் எடுத்தால் 44 கூடுதலான உச்சி தெரியலாம். டிரிப்டோஃபேனின் பாக் காப்பு பாதி கழன்று கார்பமிக் அமிலமாக நிற்கிறது, தண்ணீரில் சில மணி நேரம் வைத்தால் போய்விடும். 56 கூடுதல் என்றால் டெர்ட்-பியூட்டைல் தொகுதி ஒட்டியிருக்கிறது. சரியான பெப்டைடின் நிறை 2029, இரட்டை மின்னேற்றத்தில் 1015.6-இல் தெரியும். ஐந்து அமிலப் பக்கச் சங்கிலி இருப்பதால் அமிலத் தண்ணீரில் கரைய மறுக்கும். நீர்த்த அம்மோனியம் பைகார்பனேட்டில் கரைத்து, பிறகு எச்.பி.எல்.சி. (நிரலில் ஓட்டிப் பிரிக்கும் முறை) கரைசலில் சேர்த்து சி-18 நிரலில் ஏற்றுங்கள். முழு விளைச்சல் 100 மில்லிகிராம், சுத்தம் செய்த பிறகு 20 கிடைத்தாலே நல்ல வேலை.

தண்ணீர்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. கொங்கு நாட்டில் ஆய்வகக் குழாயில் வருவது பெரும்பாலும் ஆழ்குழாய் உப்புத்தண்ணிதான். கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று அறிக்கையில் எழுதியிருந்தால், கால்சியம் கார்பனேட் கணக்கில் அது 5 மில்லிமோலார். நம் பெப்டைட் 10 மைக்ரோமோலார். ஐந்நூறு மடங்கு! கால்சியம் இந்தப் பெப்டைடைப் பிடிப்பது டெர்பியத்தோடு ஒப்பிட்டால் மிகப் பலவீனமாகத்தான். ஆனால் நானோமோலார் அளவில் பிணைப்பு எண் எடுக்கும்போது அந்தப் பலவீனத்தை எண்ணிக்கை ஈடுகட்டிவிடும். கூடவே வரும் கார்பனேட் டெர்பியத்தைக் கலங்கலாக இறக்கும். சிறுவாணியோ பில்லூரோ, நல்லதண்ணி குடிக்கத்தான் நல்லது. பஃபருக்கு (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) அதுவும் ஆகாது. அயனி நீக்கிய தண்ணீர், மின்தடை 18 மெகாஓம் சென்டிமீட்டர், அதையும் உலோக அயனிகளைப் பிடிக்கும் செலெக்ஸ் ரெசின் வழியாக ஒரு தடவை விட்டு எடுங்கள்.

கண்ணாடிக் குடுவையை உப்புத்தண்ணியில் கழுவி அடுப்பில் காயவைத்தால் உள்ளே வெண்படலம் தங்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, அயனி நீக்கிய தண்ணீரில் மூன்று அலசல். முடிந்தால் பாலிப்ரோப்பிலீன் குழாய்களுக்கே மாறிவிடுங்கள்.

பஃபர்: எச்.இ.பி.இ.எஸ். 10 மில்லிமோலார், சோடியம் குளோரைடு 100 மில்லிமோலார், பி.எச். 7.0. பாஸ்பேட் பஃபர் வேண்டவே வேண்டாம். டெர்பியம் பாஸ்பேட் கரையாத உப்பு. ஒரு துளி விட்டதும் டெர்பியம் பெப்டைடை விட்டுவிட்டு அதோடு போய்விடும். செல் வேலையில் கைப்பழக்கமாக எடுக்கிற பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக் கரைசல்) இங்கே விஷம். உலோகத்தைக் கவ்வும் சிட்ரேட்டும் ஈ.டி.டி.ஏ.வும் அப்படியே. டெர்பியம்–ஈ.டி.டி.ஏ. பிணைப்பு மாறிலி 10-இன் அடுக்கு 17.9. முந்தின நாள் மாணவர் மூலக்கூறு உயிரியலுக்குப் பயன்படுத்திய குடுவையில் ஒட்டியிருக்கும் துளியே அளவைக் கெடுக்கும். பி.எச். 7.5-ஐத் தாண்டினால் ஹைட்ராக்சைடு கலங்கல் வரும்.

டெர்பியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 187 மில்லிகிராமை 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 மில்லிலிட்டர் ஆக்கினால் 50 மில்லிமோலார் என்பது காகிதக் கணக்கு. அந்த உப்பு காற்றில் இருந்து ஈரம் குடிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தராசில் வைத்திருக்கும்போதே எடை ஏறுவதைப் பார்க்கலாம். ஆகவே எடையை நம்பாமல், பி.எச். 5.5 முதல் 6 வரை உள்ள பஃபரில் ஸைலினால் ஆரஞ்சு காட்டியோடு ஈ.டி.டி.ஏ. தரம்பார்ப்பு செய்து உண்மையான செறிவை எழுதி ஒட்டுங்கள். செந்நீலம் மஞ்சளாகும் இடம்தான் முடிவுப் புள்ளி.

அளப்பது

பெப்டைடின் செறிவை எடையில் இருந்து எடுக்காதீர்கள், எடையில் ட்ரைஃப்ளூரோஅசெட்டேட்டும் ஈரமும் சேர்ந்திருக்கும். ஒரு டிரிப்டோஃபேன் 5,500, இரண்டு டைரோசின் தலா 1,490, கூட்டினால் 280 நானோமீட்டரில் 8,480. உறிஞ்சல் 0.085 வந்தால் 10 மைக்ரோமோலார்.

குவார்ட்ஸ் க்யூவெட்டில் 1 மில்லிலிட்டர், 10 மைக்ரோமோலார் பெப்டைட். 1 மில்லிமோலார் டெர்பியத்தை 1 மைக்ரோலிட்டர் வீதம் சேருங்கள், ஒவ்வொரு தடவையும் கலக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். தூண்டல் 280, அளப்பது 544 நானோமீட்டர், காத்திருப்பு 0.1 மில்லி வினாடி, திறந்திருக்கும் நேரம் 2 மில்லி வினாடிக்கு மேல். காத்திருப்பு இல்லாத சாதாரணப் பயன்முறையில் எடுத்தால், 280-இன் இரண்டாம் வரிசைச் சிதறல் 560-இல் வந்து விழும், 544-இன் தோளில் ஏறி உட்காரும். 350-க்குக் கீழே வெட்டும் ஃபில்டரை உமிழ்வுப் பக்கம் வைத்தால் போய்விடும். ஃபில்டர் வைக்காமல் வரைந்த 'டெர்பியம் உச்சி' சில நேரம் வெறும் விளக்கு வெளிச்சம்தான்.

ஒளி நேர்கோட்டில் ஏறி 10 மைக்ரோலிட்டரில் முறிந்து தட்டையாக வேண்டும். ஏழில் முறிந்தால் பெப்டைடில் முப்பது சதவீதம் பிடிக்காத சரக்கு, பெரும்பாலும் அந்த அஸ்பார்டிமைடு. அதுவும் 280-இல் உறிஞ்சுவதால் செறிவுக் கணக்கில் ஒளிந்துகொள்கிறது. பதிமூன்றில் முறிந்தால் டெர்பியத்தை வேறு ஏதோ தின்கிறது, அல்லது தரம்பார்க்காத கரைசல். ஏறி உச்சி தொட்டபின் இறங்கினால் கலங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வரைபடத்தில் இருந்து பிணைப்பு மாறிலி எடுக்க முடியாது, அதைப் பலர் செய்கிறார்கள். இம்பீரியாலி குழு தரும் பிரிகை மாறிலி (பாதிப் பெப்டைட் டெர்பியத்தைப் பிடித்திருக்கும் செறிவு) 57 நானோமோலார். 10 மைக்ரோமோலாரில் எல்லா டெர்பியமும் ஒட்டிவிடும், வளைவே இருக்காது. மாறிலி வேண்டுமானால் பெப்டைடை 50 நானோமோலார் அளவுக்கு இறக்க வேண்டும், அப்போது தண்ணீர் பற்றி மேலே சொன்ன அத்தனையும் திரும்ப வந்து நிற்கும்.

அடுத்து ஆயுள். தண்ணீரில் தனியாகத் திரியும் டெர்பியத்துக்கு 0.4 மில்லி வினாடி, இந்தப் பெப்டைடுக்குள் உட்கார்ந்தால் 2 மில்லி வினாடி அளவுக்கு நீளும். காரணம் தண்ணீரின் ஓ–எச் அதிர்வுகள் ஆற்றலைக் குடித்துவிடுகின்றன; பெப்டைட் தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. கனநீரில் இந்தக் குடிப்பு மிகக் குறைவு. எனவே ஒட்டியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கை = 4.2 × (1/சாதாரணத் தண்ணீரில் ஆயுள் − 1/கனநீரில் ஆயுள்), ஆயுள் மில்லி வினாடியில். ஹாராக்ஸும் சட்னிக்கும் 1979-இல் கொடுத்த வாய்பாடு, யூரோப்பியத்துக்கு முன்னெண் 1.05. தனி டெர்பியத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 0.4-உம் 3.3-உம் வைத்தால் ஒன்பது சொச்சம் வரும். உங்கள் பெப்டைடுக்குப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒன்று வந்தால் கூட்டில் எங்கோ ஓட்டை. கனநீர்ப் புட்டியை ஐப்பசி மழையில் திறந்து வைத்தால் அதுவும் காற்றின் ஈரத்தை வாங்கிச் சாதாரணத் தண்ணீராகத் தொடங்கும். சிறு குப்பிகளாகப் பிரித்து மூடி வையுங்கள்.

நேரத் தாமதம் எவ்வளவு உதவும் என்று மாணவர்களுக்குக் காட்ட ஈரோட்டு மஞ்சளைவிடச் சிறந்த மாதிரி கிடையாது. குர்குமின் பச்சை-மஞ்சள் பகுதியில் டெர்பியத்தின் 544-ஐ மூடும்படி ஒளிரும். ஆனால் அதன் ஆயுள் ஒரு நானோ வினாடிக்கும் குறைவு. சாதாரணப் பயன்முறையில் டெர்பியத்தைப் பார்க்கவே முடியாது, 0.1 மில்லி வினாடி காத்திருந்தால் மஞ்சள் இருந்த தடமே இருக்காது. இதில் ஓர் எல்லையும் தெரியும். குர்குமின் ஒரு பீட்டா-டைகீட்டோன், லாந்தனைடுகளைத் தானே பிடிக்கும். அதிகம் சேர்த்தால் ஒளி குறையும், அந்த இழப்பைக் காத்திருப்பு சரிசெய்யாது. பின்னணி வெளிச்சத்தை நேரத்தால் பிரிக்கலாம், உலோகத்துக்கான போட்டியை முடியாது. ரத்தச் சீரத்திலோ செல்லுக்குள்ளோ பாஸ்பேட்டும் ஏ.டி.பி.யும் இதே போட்டியைத்தான் போடும். அதனால் இந்தப் பெப்டைடை குடுவை வேலைக்கும் சுத்தம் செய்த புரதத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு லாந்தனைடு வேண்டுமானால் டோட்டா போன்ற பெருவளையத்தில் உலோகத்தைப் பூட்டி, அந்த வளையத்தைப் பெப்டைடில் ஒட்ட வேண்டும்.

க்யூவெட்டைப் பனியன் வேஸ்டால் துடைக்கும் பழக்கம் திருப்பூர் பக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு, ஆய்வகத்துக்கும் வந்துவிட்டது. வெள்ளைப் பனியனில் ஆப்டிகல் பிரைட்னர் இருக்கும், புற ஊதாவில் நீலமாக ஒளிரும். ஒரு நூலிழை போதும். லென்ஸ் தாள் மட்டும்.

ருத்தேனியம்

செல்லுக்குள் ஆக்சிஜன் பார்க்க ருத்தேனியம். ருத்தேனியம் பிஸ்-பைபிரிடின் டைகுளோரைடு டைஹைட்ரேட் 260 மில்லிகிராம், 4′-மெத்தில்-2,2′-பைபிரிடின்-4-கார்பாக்சிலிக் அமிலம் 118 மில்லிகிராம், எத்தனாலும் தண்ணீரும் சரிபாதியாக 25 மில்லிலிட்டர், நைட்ரஜனில் 8 மணி நேரம் ரிஃப்ளக்ஸ். கருஊதா செம்மஞ்சளாக மாறும். எத்தனாலை இறக்கி, அம்மோனியம் ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் நிறைகரைசல் சேர்த்தால் வீழ்படிவு. நிறம் மாறியது முடிந்ததற்கு அடையாளம் ஆகாது. உறிஞ்சல் உச்சி 450-க்குப் பக்கத்தில் தெளிவாக நிற்கிறதா, 500-க்கு மேல் வால் போய்விட்டதா என்று பாருங்கள்.

இதை ரெசினில் இருக்கும் எட்டு ஆர்ஜினின் வாலில், நடுவே ஒரு அமினோஹெக்சனாயிக் அமிலம் வைத்து, 2 மடங்கு ருத்தேனியம், ஹெச்.ஏ.டி.யு. (எச்.பி.டி.யு. போன்றது), டி.ஐ.பி.இ.ஏ.யோடு இருட்டில் இரவு முழுக்க ஒட்டுங்கள். ரெசின் மணிகள் செம்மஞ்சளாகிவிடுவதால் நின்ஹைட்ரின் நீலத்தைப் படிக்க முடியாது. ஒரு சிட்டிகை மணியைக் கழற்றி மாஸ் எடுப்பதே வழி. ட்ரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலத்தை இந்தச் சேர்மம் தாங்கும்.

எச்.பி.எல்.சி.யில் ஒட்டி ஒட்டி இரண்டு உச்சி வந்தால் ஒன்றைக் கொட்டிவிடாதீர்கள். ருத்தேனியச் சேர்மத்துக்கு இடக்கை, வலக்கை வடிவம் இரண்டு உண்டு. கைத்தன்மையுள்ள பெப்டைடில் ஒட்டியதும் அவை நிரலில் பிரிந்து தெரியலாம். நிறை இரண்டுக்கும் ஒன்றே. மாஸில் ருத்தேனியத்தின் ஐசோடோப்புகள், 102 நிறையுள்ளது மிக உயரமாக நிற்க, அகலமான குவியலாக விரியும், அந்தக் குவியல் இல்லாத உச்சியில் ருத்தேனியம் இல்லை.

ஆக்சிஜன் இந்த ஒளியை அணைக்கும். ட்ரிஸ்-பைபிரிடின் சேர்மம் என்றால் நைட்ரஜனில் சுமார் 600 நானோ வினாடி, காற்றில் 400-க்குக் கொஞ்சம் கீழே. இந்த வித்தியாசம் போதாவிட்டால் 4,7-டைஃபீனைல்-ஃபினாந்த்ரோலின் வகைக்குப் போங்கள். ஆக்சிஜன் இல்லாமல் 5 மைக்ரோ வினாடி அளவுக்கு ஒளிர்வதால் ஆக்சிஜனுக்கு அணைக்க நேரம் அதிகம் கிடைக்கிறது. நைட்ரஜன் கொண்டுவரும் குழாய் சிலிகோனாக இருந்தால் சுவர் வழியாகவே ஆக்சிஜன் நுழையும். ஸ்டீல் அல்லது நைலான் குழாய் போடுங்கள். பெப்டைட் கரைசலில் குமிழி விட்டால் நுரைக்கும், மேற்பரப்பில் வாயுவை ஓட்டிக் கலக்கியபடி அரை மணி நேரம் விடுவது நல்லது.

அளவீட்டுக் கோட்டில் 'காற்று' என்ற புள்ளிக்குப் பாடப்புத்தக எண்ணை எழுதாதீர்கள். கடல்மட்டத்தில் 25 டிகிரியில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம். கோவை 411 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சுமார் 5 சதவீதம் குறைவு, ஆகவே 7.9-க்குக் கொஞ்சம் கீழே. 35 டிகிரி அறையில் கடல்மட்டத்திலேயே 6.95தான். வெப்பம் தனியாகவும் ருத்தேனியத்தின் ஆயுளைக் குறைக்கும், ஆக்சிஜன் இல்லாமலேயே. எனவே வெப்பநிலையை நிலைநிறுத்தும் பெல்டியர் தாங்கி இல்லாத கருவியில் மதியம் எடுத்த எண்ணையும் காலையில் எடுத்ததையும் ஒரே கோட்டில் போட முடியாது.

செல்லுக்கு 10 முதல் 50 மைக்ரோமோலார் வரை, ஃபீனால் ரெட் இல்லாத ஊடகம், 458 அல்லது 488 லேசர், 580-க்கு மேல் அளப்பு. ஆக்சிஜன் அணைக்கும்போது சிங்க்லெட் ஆக்சிஜன் (எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவம்) உண்டாகிறது, அது செல்லைக் கொல்லும். இருட்டில் வைத்த தட்டில் செல் நலமாக இருப்பதை மட்டும் பார்த்து நச்சு இல்லை என்று எழுதக் கூடாது. உணரி இல்லாமல் ஒளி மட்டும், உணரியோடு இருட்டு, இரண்டும் சேர்ந்தது என மூன்று தட்டும் வேண்டும். சீரத்தில் இருக்கும் அல்புமின் உணரியில் ஒட்டினாலும் ஆயுள் மாறும், அதனால் அளவீட்டுக் கோட்டையும் அதே ஊடகத்திலேயே எடுங்கள்.

சாயப்பட்டறைத் தண்ணீரில் தாமிரம் பார்க்க இதே ருத்தேனியத்தைப் பயன்படுத்தலாமா என்று திருப்பூர், பெருந்துறை பக்கம் கேட்பதுண்டு. பயன்படுத்தலாம், ஒரு நிபந்தனையோடு. கிளைசின்–கிளைசின்–ஹிஸ்டிடின் தாமிரத்தை மிக இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் அதற்கு முன்முனை அமீன் திறந்திருக்க வேண்டும். வழக்கம்போல அங்கே ருத்தேனியத்தை ஒட்டினாலோ அசெட்டைல் போட்டு மூடினாலோ பிடிக்கும் இடமே போய்விடும். பின்முனையில் எம்.டி.டி. காப்புள்ள லைசின் வைத்து, முன்முனைக் கிளைசினுக்கு பாக் காப்பு கொடுத்து, டைகுளோரோமீத்தேனில் 1 சதவீதம் ட்ரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலத்தால் எம்.டி.டி.யை மட்டும் கழற்றி அங்கே ருத்தேனியத்தை ஏற்றுங்கள். பி.எச். 7.4-இல் வேலை செய்யும், 5-க்குக் கீழே அமைடு நைட்ரஜன்கள் புரோட்டானை விடாததால் செய்யாது. இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: ஒளி அணைந்த மாதிரியை பி.எச். 3-க்கு இறக்குங்கள். ஒளி திரும்பினால் அணைத்தது பெப்டைட் பிடித்த தாமிரம். திரும்பாவிட்டால் சாயமோ, சிதைவோ, வேறெதுவோ. நிக்கலும் இதே இடத்தில் உட்காரும், துத்தநாகம் உட்காராது.

சாயத் தண்ணீர் 450-இல் தானே ஒளியை உறிஞ்சும் என்பதால் இங்கே ஒளியின் அளவு பயனற்றது, ஆயுளை மட்டும் எடுங்கள். டர்க்காய்ஸ் நீலச் சாயத்தில் தாமிரம் தாலோசயனின் வளையத்துக்குள் பூட்டியிருக்கிறது. பெப்டைடால் அதைத் தொட முடியாது. அணு உறிஞ்சல் கருவி அதையும் சேர்த்து எண்ணும். ஆகவே இரண்டு கருவியும் ஒரே மாதிரிக்கு வேறு வேறு எண் தந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம். 'மொத்தத் தாமிரம்' என்று ஒரு பத்தி, 'பிணைக்கக் கிடைக்கும் தாமிரம்' என்று ஒரு பத்தி, பக்கத்தில் பி.எச்., வெப்பநிலை, சாயத்தின் பெயர் என்று அட்டவணை போட்டு எழுதுங்கள்.